விண் கூவும் தீவுகள்

தெமியாங் என்பது மலாயில் ஒருவகை மூங்கிலின் பெயர். மெல்லிய சுவர், நீண்ட கணுவிடை. வாயருகே வைத்து ஊதினால் மூச்சை உடனே ஒலியாக்கித் தரும். சிரம்பான் நகரை ஒட்டிய எங்கள் பகுதிக்கு அந்தப் பெயர் எப்போது வந்தது என்று நான் ஆராய்ந்ததில்லை. ஆனால் காற்றைத் தேடி நான் போன பயணங்களை எழுத உட்காரும்போது, காற்றுக்கு உறவான பெயர் கொண்ட ஊரிலிருந்து தொடங்குவது பொருத்தமாகப் படுகிறது.

தெமியாங்கிற்கு நாங்கள் குடிவந்தது பிறகுதான். நான் பிறந்தது நெகிரி செம்பிலானில் ஒரு ரப்பர் தோட்டத்தில். அப்பா அங்கே இஞ்சின் கொட்டகையைப் பார்த்துக்கொண்டார். மாலை ஆறரைக்கு டீசல் இஞ்சின் உறுமத் தொடங்கும். தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் மஞ்சள் பல்புகள் இரண்டு முறை சிமிட்டி, பிறகு நிலைக்கும். இரவு பத்து மணிக்கு எல்லாம் அணையும். அதற்குமேல் தோட்டத்தில் எரிவது மாரியம்மன் கோயில் விளக்கு மட்டுமே. நாலாப் பக்கமும் பால்மரம் சூழ்ந்த அந்தத் தோட்டம் ஒரு தீவாகவே இருந்தது. வெளிச்சம் எப்போது வரும், எப்போது போகும் என்பதை வேறு யாரோ முடிவு செய்தார்கள்.

அந்தக் கொட்டகை தோட்டத்திலேயே அழகில்லாத கட்டடம். தகரச் சுவர், எண்ணெய் நாற்றம், புகைபடிந்த கூரை. ஆனால் ஆயுத பூசையன்று அப்பா அதைக் கழுவித் துடைத்து, இஞ்சினுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, வாசலில் வாழைக்கன்று கட்டி, மேலே மாவிலைத் தோரணம் போடுவார். லயத்துப் பெண்கள் கோலம் போட வருவார்கள். அந்த ஒரு நாள் அது எங்கள் கொட்டகை. மறுநாள் மறுபடியும் தோட்ட நிர்வாகத்தின் கொட்டகை.

இந்த நினைவு இல்லாவிட்டால், பின்னால் நான் பார்த்த காற்றாலைகளை வேறு கண்ணோடுதான் பார்த்திருப்பேன்.

*

பிள்ளைகள் சிறியவர்களாக இருந்தபோது ஒரு ஜூன் விடுமுறையில் திரெங்கானுவுக்குப் போனோம். கோலா பெசுட்டில் படகேறினால் அரை மணி நேரத்தில் பெர்ஹெந்தியான் கெச்சில் தீவு. கடற்கரையிலிருந்து காட்டுக்குள் ஏறும் பாதையில் நடந்தால் குன்றின் மேல் இரண்டு காற்றாலைகள் நின்றன. 2007இல் அமைத்தவை; ஒவ்வொன்றும் 100 கிலோவாட். சூரியத் தகடுகள், பேட்டரி, துணைக்கு டீசல் என்று சேர்த்துத் தீவுக்கு மின்சாரம் கொடுக்கும் திட்டம். நல்ல எண்ணத்தில் செய்த வேலை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

நாங்கள் போன நாளில் இரண்டும் அசையவில்லை. அந்தக் கடலில் பலமான காற்று வடகிழக்குப் பருவத்தில்தான் அடிக்கும். மற்ற மாதங்களில் மெலிந்துவிடும். உப்புக் காற்று இரும்பை எந்த மாதத்திலும் விடாது. ஆனாலும் அங்கே ஆள் வரத்து இருந்தது. குன்றிலிருந்து கடலைப் பார்க்க, படமெடுக்க, வெளிநாட்டுப் பயணிகள் வந்துகொண்டே இருந்தார்கள். காற்றாலை அவர்களுக்கு ஒரு அடையாளம், ஏறிப்போக ஒரு காரணம். மின்சாரத்துக்காக நட்ட கம்பம், யாரும் திட்டமிடாமலே, பார்வையிடமாகிவிட்டது. மனிதர்கள் உயரமான ஒன்றைத் தேடி ஏறுவார்கள் என்பதை அதை வரைந்தவர்கள் முன்பே எண்ணியிருந்தால், அங்கே உட்கார ஒரு திண்ணையும் நிழலும் இருந்திருக்கும். தீவுக்காரர்களும் ஏறி வந்திருப்பார்கள்.

கரைக்குத் திரும்பியதும் கோலா பெசுட் கடையில் மிச்சச் சில்லறையாக ஒரு 50 சென் நாணயம் கிடைத்தது. 1989இல் வெளிவந்த அந்த வரிசை நாணயத்தில் ஒரு வாவ் பட்டம் பொறித்திருக்கும். வாவ் புலான், அதாவது நிலவுப் பட்டம், அந்தக் கிழக்குக் கரையின் கலை. மூங்கில் சட்டத்தில் வண்ணத்தாள் ஒட்டி, அதன்மேல் கொடியும் பூவும் வெட்டிப் பதித்து, தலைப்பகுதியில் ஒரு சிறு வில்லைக் கட்டுவார்கள். பட்டம் மேலே போனதும் அந்த வில்லின் நாண் அதிர்ந்து ஊர் முழுக்க ரீங்காரம் கேட்கும். காற்றை இவ்வளவு நெருக்கமாக அறிந்து, அதற்குக் குரலும் கொடுத்த மக்கள் அவர்கள். நாணயத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி, குன்றின் மேல் நிற்கும் இரண்டு வெள்ளைக் கம்பங்களையும் நினைத்துக்கொண்டேன். வாவ் கட்டுகிறவர்களின் கைச்சுவடு அவற்றில் எங்கேயும் இல்லை.

*

என் மனைவியின் குடும்பம் யாழ்ப்பாணத்து வழி. ரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் வேலை பார்க்க மலாயாவுக்கு வந்த இலங்கைத் தமிழர்கள் சிரம்பானில் நிறையப் பேர். அவளுடைய தாத்தா அவர்களில் ஒருவர். 2025 தைப்பொங்கலுக்கு யாழ்ப்பாணம் போய், அவளுடைய ஒன்றுவிட்ட அண்ணன் வீட்டில் தங்கினோம். பொங்கலன்று மாலை மச்சான் எங்களை வல்வெட்டித்துறைக் கடற்கரைக்கு அழைத்துப் போனார்.

இதை நான் எதிர்பார்க்கவில்லை. கடற்கரை முழுக்கச் சனம். வானத்தில் கப்பல், பறவை, தேர் என்று முப்பரிமாணப் பட்டங்கள். பத்துப் பேர் சேர்ந்து தூக்கி ஓடினால்தான் எழும்பும் பெரிய உருவங்கள். வாடைக்காற்று கடலிலிருந்து அடித்துக்கொண்டிருந்தது. அதற்கெல்லாம் மேலே ஒரு முழக்கம், வண்டுக்கூட்டம் போல.

"இது என்ன சத்தம் மச்சான்?"

"விண்," என்றார். "விண் பூட்டாத பட்டத்தை இஞ்சை பட்டமெண்டே சொல்லமாட்டினம்."

பக்கத்தில் ஒரு இளைஞன் தன் பட்டத்தை மணலில் சாய்த்து வைத்திருந்தான். கேட்டவுடன் விண்ணைக் கழற்றிக் காட்டினான். கைமுழம் நீளத்துக்கு மேல் ஒரு வில். சீவிச் சீவி இரு முனையையும் மெல்லியதாக்கி, நடுவில் பருமன் விட்டிருந்தான். நாணாகக் கட்டியிருந்தது பெட்டி கட்டும் பிளாஸ்டிக் நாடா. முன்பு பனை நாரில் கட்டுவார்களாம். நாடாவின் அகலத்தைப் பிளேடால் மயிரிழை மயிரிழையாகச் சுரண்டித்தான் சுருதி சேர்க்க வேண்டும். அகலம் கூடினால் குரல் தடிக்கும், குறைந்தால் கீச்சிடும். அவன் வில்லைக் காற்றுக்கு எதிரே பிடித்து மணிக்கட்டை லேசாகத் திருப்பினான். கையிலேயே அது பாடத் தொடங்கியது. திரெங்கானு வாவின் வில்லும் இதுவும் உடன்பிறப்புகள் என்று அந்தக் கணத்தில் தெரிந்தது. வங்கக் கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இரண்டு மக்கள் காற்றின் வேகத்தைக் காதால் அளக்கிறார்கள். பொறியியல் படித்தவர்கள் கருவி வைத்து எடுக்கும் அளவை, அவன் ஒரு நாடாவின் அகலத்தில் வைத்திருந்தான்.

பருத்தித்துறை வழியாக வீடு திரும்பினோம். தெருமூடிமடத்துக்குள் வண்டி நுழைந்தபோது மச்சானிடம் நிறுத்தச் சொன்னேன். தெருவுக்குக் குறுக்கே கூரை போட்டு, இரு பக்கமும் தூணும் திண்ணையும் கட்டிய மடம் அது. வழிப்போக்கன் வெயிலிலிருந்து நிழலுக்கு வருவதற்குத் தெருவை விட்டு இறங்கக்கூட வேண்டாம். யாழ்ப்பாணத்துப் பழைய பாதைகளில் இப்படி ஒரு குடும்பமே உண்டு: தலைச்சுமையை இறக்கி வைக்கச் சுமைதாங்கி, மாடு உடம்பைத் தேய்த்துக்கொள்ள ஆவுரோஞ்சிக்கல், நீர் குடிக்கக் கேணி, படுக்க மடம். பிள்ளைப்பேற்றின்போது வயிற்றுச் சுமையோடு இறந்த பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி நடுவது தமிழர் வழக்கம். ஒரு வீட்டின் துயரம் ஊருக்குப் பயன்படும் கல்லாகிறது. பயனும் அழகும் நினைவும் வேறுவேறு இலாகாக்கள் என்று நம் முன்னோர் எண்ணவில்லை.

*

இரண்டு நாள் கழித்துக் குறிகட்டுவான் இறங்குதுறை. அங்கிருந்து நயினாதீவுக்குக் கொஞ்ச நேரம்தான். நாகபூசணி அம்மன் கோபுரம் கடலிலிருந்தே தெரியும். நெடுந்தீவுக்கு ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. எங்கள் படகில் அரிசி மூட்டை, சிமெந்து, வெங்காயம், ஒரு மோட்டார் சைக்கிள். பக்கத்துப் படகில் டீசல் பீப்பாய்களை உருட்டி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தீவின் மின்சாரம் அந்தப் பீப்பாய்களில்தான் போகிறது. நாட்டின் மின்கம்பி அங்கே எட்டவில்லை. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு எல்லாம் ஜெனரேட்டரை நம்பியவை. கடல் கொந்தளித்துப் படகு நின்றால் பீப்பாயும் நிற்கும்.

மாவிலித்துறையில் இறங்கியபோது முதலில் நினைவுக்கு வந்தது குமுதினி. 1985 மே 15 அன்று அந்தப் படகில் சென்ற முப்பதுக்கும் மேற்பட்ட பயணிகள் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். தீவில் யாரைக் கேட்டாலும் ஒரு உறவுப் பெயர் சொல்கிறார்கள். வெளியிலிருந்து யார் வந்தாலும் ஒரு நிமிடம் நின்று பார்க்கிற பழக்கம் இந்த மண்ணுக்கு ஏன் வந்தது என்று விளக்கத் தேவையில்லை.

மழை முடிந்த காலம். தீவு பச்சையாக இருந்தது. மட்டக்குதிரைகள் கூட்டமாக மேய்ந்தன. ஒல்லாந்தர் கோட்டையின் இடிபாடு, பெருக்குமரம், உடம்பெல்லாம் பொந்துகளாக நிற்கும் அந்தப் பழைய புறாக்கூடு. புறா மூலம் சேதி அனுப்பிய காலத்தின் தொலைத்தொடர்புக் கோபுரம் அது. இன்றும் ஆட்கள் போய்ப் பார்க்கிறார்கள், ஏனென்றால் கட்டியவன் அதற்கு ஒரு உருவம் கொடுத்தான்.

ஆனால் நெடுந்தீவில் என்னைப் பிடித்து நிறுத்தியது வேலிகள். பவளப் பாறையான முருகைக்கல்லை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியவை. சாந்து இல்லை, சுண்ணாம்பு இல்லை. கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் வெளிச்சம் தெரிகிறது. ஒரு பெரியவர் சரிந்த பகுதியை மறுபடி அடுக்கிக்கொண்டிருந்தார். ஒரு கல்லை எடுப்பார், உள்ளங்கையில் மூன்று முறை திருப்புவார், வைப்பார், தட்டுவார். ஆடினால் எடுத்துவிடுவார்.

"சீமெந்து பூசினால் நிலைச்சு நிக்காதோ ஐயா?" என்று மச்சான் கேட்டார்.

"பூசினால் காத்து தள்ளி விழுத்திப்போடும் தம்பி. ஓட்டை இருக்கவேணும். பாதிக் காத்தை விடவேணும், பாதியை மறிக்கவேணும். எங்கட அப்பு அப்பிடித்தான் காட்டித் தந்தவர்."

பாதியை விட வேண்டும், பாதியை மறிக்க வேண்டும். இதற்கு மேல் காற்றுப் பொறியியல் பாடம் என்ன இருக்கிறது? அந்த வேலியை யாரும் கலை என்று சொல்லிக் கட்டவில்லை. ஆனால் மாலை வெயில் அதன் ஓட்டைகள் வழியே விழும்போது, மண்ணில் கிடந்த நிழல் பூவேலை செய்த துணி போல இருந்தது.

இரவு தங்கிய வீட்டுக்குத் தூரத்தில் ஜெனரேட்டர் ஓடும் சத்தம் கேட்டது. நாற்பது வருடத்துக்குப் பிறகு அப்பாவின் இஞ்சின் கொட்டகைச் சத்தம். எழுந்து முற்றத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

*

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு என்ற இந்த மூன்று தீவுகளின் மின்சாரக் கதை உலக அரசியலுக்குள் சிக்கிய கதை. 2021இல் ஒரு சீன நிறுவனத்துக்குக் கொடுக்கப்பட்ட திட்டம் இந்தியாவின் எதிர்ப்பால் நின்றது. பிறகு இந்தியா மானியமாகப் பணம் தர முன்வந்து, 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கையெழுத்தானது. மூன்று தீவுக்கும் சேர்த்து 530 கிலோவாட் காற்று, 1,700 கிலோவாட் சூரியன், 2,400 கிலோவாட் மணி பேட்டரி, மாற்றுக்கு 2,500 கிலோவாட் டீசல். நல்ல திட்டம். பீப்பாய் உருட்டும் கைகளுக்கு ஓய்வு தரும் திட்டம். இதற்குத் தடை சொல்ல எனக்கு ஒரு வார்த்தையும் இல்லை.

சொல்ல வேண்டியது வேறு. 1,700 கிலோவாட் சூரியத் தகடு என்றால் ஒரு கிலோவாட்டுக்கு ஐந்தரைச் சதுர மீட்டர் வைத்தாலும் 9,350 சதுர மீட்டர். ஏறத்தாழ இரண்டேகால் ஏக்கர் கூரை. இதைக் கம்பி வேலிக்குள், "உள்ளே வராதே" பலகை மாட்டி, தரையோடு தரையாக விரிப்பதுதான் எங்கும் நடக்கிற வழக்கம். தீவில் நிழல் அருமை. நல்ல தண்ணீர் அதைவிட அருமை. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர். இரண்டேகால் ஏக்கர் கண்ணாடிக் கூரையில் 50 மில்லிமீட்டர் பெய்யும் ஒரு நாளில் நாலரை லட்சம் லிட்டருக்கு மேல் வழியும். அதில் ஒரு பகுதியையாவது தெருமூடிமடம் போல இறங்குதுறைப் பாதையின் மேலே உயர்த்தி, தகட்டின் நீரைக் கேணிக்கு இறக்கி, படகுக்குக் காத்திருக்கும் கிழவிக்குத் திண்ணை கட்டினால், அது மின்நிலையமும் மடமும் கேணியும் ஆகும். காற்று பலமான இடத்தில் தகட்டை உயர்த்தினால் தூக்கி எறியும் என்று பொறியாளர் சொல்வார், சரிதான். அதற்குத்தான் பாதியை விட்டுப் பாதியை மறிக்கத் தெரிந்த அந்தப் பெரியவரைப் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டும்.

இது என் கனவு மட்டுமில்லை. எலிசபெத் மோனோயனும் ராபர்ட் ஃபெரியும் 2008இல் தொடங்கிய லேண்ட் ஆர்ட் ஜெனரேட்டர் என்ற முயற்சி இதையே உலகெங்கும் செய்து பார்க்கிறது. மின்சாரம் தயாரிக்கும் அமைப்பு பொதுக்கலையாகவும் இருக்க வேண்டும் என்று கேட்டு, ஊர் ஊராகப் போட்டி வைக்கிறார்கள்: 2010இல் அமீரகம், 2012இல் நியூயார்க்கின் பழைய குப்பைமேடு, 2014இல் கோப்பன்ஹேகன், 2016இல் சான்டா மோனிக்கா. 2025க்கு அவர்கள் தேர்ந்தெடுத்த இடம்தான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது: ஃபிஜியில் யசாவா தீவுக்கூட்டத்தின் நவிட்டி தீவு, அங்கே மாரூ என்ற ஒரு சிறு கிராமம். சூரிய மின்சாரமும் குடிநீரும் தரும் கலைப்படைப்பு ஒன்றை அந்தக் கிராமத்துக்கு வடிவமைக்கக் கேட்டார்கள். போட்டி விதியின் நடுவில் நின்றது அந்தக் கிராமத்தாரின் தேவை.

ஃபிஜி நமக்கு அந்நியமில்லை. 1903 முதல் 1916 வரை தென்னிந்தியாவிலிருந்து கிர்மிட் ஒப்பந்தத்தில் கப்பலேற்றியவர்கள் அந்த மண்ணில்தான் கரும்பு வெட்டினார்கள். ரப்பர் தோட்டத்துக்கு வந்த எங்கள் பாட்டன்மாருக்கு அவர்கள் உடன்பிறந்தவர்கள். அப்படி ஒரு நாட்டின் சிறு கிராமத்தைக் கேட்டு வரைகிற காலம் வந்துவிட்டது என்றால், நெடுந்தீவைக் கேட்கவும் முடியும்.

கேட்காவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு மன்னார் பக்கத்திலேயே இருக்கிறது. தம்பபவனி காற்றாலைப் பண்ணையில் 30 காற்றாலைகள், 103.5 மெகாவாட். மழைநீர் வடியாமல் தேங்குகிறது, மீன்பாடு குறைகிறது, வலசை வரும் பறவைகளுக்குக் கேடு என்று தீவு மக்கள் தொடர்ந்து சொல்லி வந்தார்கள். 2025 ஆகஸ்டில், புதிய காற்றாலைகளுக்கான பாகங்கள் வந்தபோது, இரவிலும் சாலையை மறித்தார்கள். அவர்கள் காற்றுக்கு எதிரிகள் இல்லை. காற்றில் பாய் விரித்து வாழ்ந்தவர்கள். தங்கள் வானத்தில் என்ன நிற்கப்போகிறது என்பதைத் தங்களிடம் கேட்கவில்லை என்பதே அவர்களின் வேதனை. பெயின்ட் அடித்தும் பூ வரைந்தும் இதை ஆற்ற முடியாது. கலை முதல் நாளில் வர வேண்டும், இடம் குறிக்கிற நாளில்.

*

தெமியாங்கிற்குத் திரும்பிய மறுவாரம் ஒரு வேலையாகச் சிரம்பான் நகருக்குள் போனேன். நெகிரி செம்பிலானில் அரசாங்கக் கட்டடங்களைப் பாருங்கள். வரவேற்பு வளைவுகளைப் பாருங்கள். எருமைக்கொம்பு போல இரு முனையும் மேலே வளைந்த மினாங்கபாவ் கூரை. மாநில மசூதிக்கு ஒன்பது தூண்கள், ஒன்பது பழைய மாவட்டத்துக்கு. ஓர் இனத்தின் நினைவைப் பொதுக் கட்டடத்தில் ஏற்றுவது எப்படி என்று இந்த மாநிலத்துக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. தோட்டங்கள் இருந்த இடங்களில் இன்று செம்பனையும் வீடமைப்பும் வந்துவிட்டன. சூரியத் தகடுகளும் வந்துகொண்டிருக்கின்றன. அவற்றில் ஒன்றாவது, லயம் இருந்த மண்ணில், அங்கே வாழ்ந்தவர்களின் பெயர் தாங்கி, ஒரு மடம் போல, பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஒரு ஆயாக்கொட்டகை போல நிழல் தந்து நிற்க வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன். அப்பா தோரணம் கட்டிய கொட்டகைக்கு நான் செலுத்த வேண்டிய கடன் அது.

யாழ்ப்பாணத்தில் வேலை இன்னும் எளிது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குக் கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் பீடம் இருக்கிறது. மருதனார்மடத்தில் கலை கற்பிக்கும் இராமநாதன் பெயர் தாங்கிய நிறுவனமும் அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்ததுதான். இரண்டு இடத்து மாணவர்களும் ஒரே படகில் ஏறி நெடுந்தீவுக்குப் போகட்டும். படகேறுமுன் வல்வெட்டித்துறைக்குப் போய், விண் சீவுகிற அந்த இளைஞனையும் அழைத்துக்கொள்ளட்டும். புலம்பெயர்ந்த தீவுச் சங்கங்கள் கோயிலுக்கும் பள்ளிக்கும் அள்ளிக் கொடுக்கின்றன. அந்தப் படகுக்கூலியை அவர்கள் கொடுக்கட்டும். தீவில் இறங்கியதும் முதலில் போக வேண்டிய இடம் முருகைக்கல் வேலி அடுக்கும் அந்தப் பெரியவரின் வளவு. அவருக்கு வயது எழுபதுக்கு மேல்.

சீக்கிரம் போங்கள்.